பிக்சலுக்குள் மின்சாரம் எங்கே போகிறது? டிரான்சிஸ்டர் பிக்சல் சுற்றுகள் – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மின்னணுவியல் படிக்கும் மாணவர்கள், கைப்பேசிப் பழுதுநீக்கும் கடைகளில் டிஸ்ப்ளே மாற்றுபவர்கள், புதுப் போன் வாங்குமுன் விவரம் விசாரிப்பவர்கள் என மூன்று தரப்பினரும் திரும்பத் திரும்பக் கேட்கும் ஐயங்களை இங்கே தொகுத்திருக்கிறேன். கேள்விகளைக் கேட்டவர்களின் சொற்களிலேயே விட்டிருக்கிறேன். கணக்குகளில் வரும் எண்கள் எந்தக் குறிப்பிட்ட மாடலுக்கும் உரியவை அல்ல. நடைமுறைக்கு நெருக்கமாக இருக்கும்படி, விளக்கத்துக்காக எடுத்துக்கொண்டவை.

1. பிக்சலுக்குள்ளே டிரான்சிஸ்டர் எதற்கு? ஒவ்வொரு புள்ளிக்கும் கம்பி இழுத்து நேரடியாக எரியவிட முடியாதா?

1080 × 2400 அளவுள்ள ஒரு திரையில் ஏறத்தாழ 26 லட்சம் பிக்சல்கள் உள்ளன. அவை ஒவ்வொன்றுக்கும் தனிக் கம்பி இழுக்க இடமே கிடையாது. ஆகவே, வரிசைக்கு ஒரு கம்பி, நிரலுக்கு ஒரு கம்பி என்று வலைபோல் அமைத்து, ஒரு நேரத்தில் ஒரு வரிசையை மட்டும் தேர்ந்தெடுத்து அதற்குரிய தகவலை எழுதுகிறார்கள். பிக்சலில் டிரான்சிஸ்டர் இல்லாவிட்டால், ஒரு வரிசை அதன் முறை வரும்போது மட்டுமே எரியும். 2400 வரிசைகளில் ஒன்று, மொத்த நேரத்தில் 2400இல் ஒரு பங்கு மட்டும் எரிந்து சராசரியில் போதிய வெளிச்சம் தர வேண்டுமென்றால், எரியும் கணத்தில் 2400 மடங்கு பளிச்சென்று எரிந்தாக வேண்டும். எந்த ஒளிர்பொருளும் அதைத் தாங்காது.

டிரான்சிஸ்டரையும் ஒரு மின்தேக்கியையும் பிக்சலுக்குள் வைத்தால், எழுதிய மின்னழுத்தம் அடுத்த முறை வரும்வரை அங்கேயே நிற்கும். பிக்சலும் இடைவிடாமல் எரியும். கண்ணாடிமேல் படலமாகப் படியவைத்து டிரான்சிஸ்டர் செய்யலாம் என்பதை ஆர்சிஏ நிறுவனத்தின் பால் வைமர் 1962இல் காட்டினார். அதைக் கொண்டு திரவப் படிகத் திரையை இயக்கிக் காட்டியது, 1970களின் தொடக்கத்தில் வெஸ்டிங்ஹவுஸ் ஆய்வகத்தில் பீட்டர் பிராடி தலைமையில் இயங்கிய குழு.

2. எல்சிடிக்கு ஒரு டிரான்சிஸ்டர் போதுமாம், ஓஎல்இடிக்கு ஏழு வேண்டுமாம். ஏன் இந்த வித்தியாசம்?

எல்சிடி பிக்சல் மின்னழுத்தத்துக்குக் கட்டுப்படுவது. பின்விளக்கின் ஒளியை எவ்வளவு விடுவது என்பதை மட்டுமே அது தீர்மானிக்கிறது. டிரான்சிஸ்டர் அங்கே வெறும் சுவிட்ச்தான்; திறந்து, மின்னழுத்தத்தை உள்ளே விட்டு, மூடிக்கொண்டால் அதன் வேலை முடிந்தது. ஓஎல்இடி பிக்சலோ தானே ஒளிர்வது. அதன் வெளிச்சம் அதனூடே ஓடும் மின்னோட்டத்தைப் பொறுத்தது. ஆகவே சுவிட்சாக ஒரு டிரான்சிஸ்டரும், மின்னோட்டத்தை அளந்து விடும் இயக்கு டிரான்சிஸ்டர் ஒன்றுமாகக் குறைந்தது இரண்டு தேவை. இந்த எளிய அமைப்பை இரண்டு டிரான்சிஸ்டர், ஒரு மின்தேக்கி என்ற பொருளில் 2டி1சி என்பார்கள்.

சிக்கல் இயக்கு டிரான்சிஸ்டரில் தொடங்குகிறது. ஒரு டிரான்சிஸ்டர் கடத்தத் தொடங்கும் மின்னழுத்தத்தை த்ரெஷோல்ட் என்கிறோம். கண்ணாடிமேல் செய்யப்படும் படல டிரான்சிஸ்டர்களில் இது பிக்சலுக்குப் பிக்சல் சற்று மாறும், பயன்பாட்டிலும் நகரும். மின்னோட்டமோ, கொடுத்த மின்னழுத்தம் த்ரெஷோல்டைத் தாண்டி நிற்கும் அளவின் இருமடிக்கு ஏற்ப அமைவது. இரு பிக்சல்களில் ஒரே மின்னழுத்தத்தை எழுதுகிறோம் என்று வைத்துக்கொள்வோம். ஒன்று த்ரெஷோல்டைவிட 1 வோல்ட் மேலே நிற்கிறது. மற்றொன்றின் த்ரெஷோல்ட் 0.3 வோல்ட் கூடுதல் என்பதால் அது 0.7 வோல்ட் மட்டுமே மேலே நிற்கிறது. 0.7இன் இருமடி 0.49. அதாவது, இரண்டாவது பிக்சலின் வெளிச்சம் பாதிக்கும் கீழே இறங்கிவிடும். மற்ற ஐந்தில் பெரும்பாலானவை இந்த வேறுபாட்டைச் சரிக்கட்டவே வருகின்றன. எப்படி என்பதை 5ஆம் கேள்வியில் பார்க்கலாம்.

3. திரை சாப்பிடும் சார்ஜ் உண்மையில் எங்கே போகிறது?

இந்தக் கேள்விக்கு எண்ணோடு விடை தெரியாமல் பிக்சல் சுற்று வடிவமைக்க உட்காரவே கூடாது என்பது என் கருத்து. அங்குலத்துக்கு 400 பிக்சல் கொண்ட 6.6 அங்குலத் திரை ஒன்றை எடுத்துக்கொள்வோம். ஒரு பிக்சலின் பக்கம் 63.5 மைக்ரோமீட்டர். முழு வெள்ளையில் சதுர மீட்டருக்கு 500 கேண்டெலா வெளிச்சம் வேண்டும் என்றும், ஓஎல்இடி ஓர் ஆம்பியருக்கு 20 கேண்டெலா தரும் என்றும் கொண்டால், ஒரு பிக்சலுக்குத் தேவை ஏறத்தாழ 100 நானோ ஆம்பியர். 26 லட்சம் பிக்சலுக்கும் சேர்த்து 0.26 ஆம்பியர். பிக்சல்களுக்கு மின்சாரம் தரும் மேல் கம்பிக்கும் அது திரும்பிப் போகும் கீழ்க் கம்பிக்கும் இடையே 7.5 வோல்ட் கொடுத்தால் மொத்தம் 2 வாட் அளவில் வருகிறது.

அந்த 7.5 வோல்ட்டில் ஓஎல்இடிக்குப் போவது 4 வோல்ட் என்றால், மீதி 3.5 வோல்ட் இயக்கு டிரான்சிஸ்டரிலும் கம்பிகளிலும் விழுந்து வெப்பமாகிறது. ஆக, 2 வாட்டில் ஏறத்தாழ 0.9 வாட் வெளிச்சத்துக்கு உதவாமலே போகிறது. மூன்றாவது செலவு, நிரல் கம்பிகளை ஒவ்வொரு வரிசைக்கும் ஏற்றி இறக்குவது. கம்பி ஒன்றுக்கு 30 பிக்கோ ஃபாரட், ஏற்ற இறக்கம் 3 வோல்ட், பிக்சல் நிரலுக்கு இரண்டாக 2160 கம்பிகள், நொடிக்கு 120 முறை புதுப்பிப்பு என்று கொண்டு, வரிசைக்கு வரிசை கறுப்பும் வெள்ளையும் மாறும் மிக மோசமான படத்துக்குக் கணக்கிட்டால் 84 மில்லிவாட் வருகிறது.

முழு வெள்ளைத் திரையின் 2 வாட்டுக்கு முன் இந்த 84 மில்லிவாட் பொருட்டே அல்ல. ஆனால், கறுப்புப் பின்னணியில் மணி மட்டும் தெரியும் திரையில் ஒளிரும் பிக்சல்கள் மிகக் குறைவு. அங்கே புதுப்பிக்கும் செலவே முன்னுக்கு வந்துவிடும். பின்வரும் பல விடைகள் இந்த மூன்று எண்களையே சுற்றி வரும்.

4. டார்க் மோட் போட்டால் சார்ஜ் நிஜமாகவே மிச்சமாகுமா?

ஓஎல்இடியில் ஆகும், கறுப்புப் பிக்சலில் மின்னோட்டம் ஓடுவதில்லை என்பதால் மேலே சொன்ன 2 வாட் அப்படியே சுருங்கும். திரை முழு வெளிச்சத்தில் இருக்கும்போது மிச்சம் அதிகம். ஏற்கெனவே மங்கலாக வைத்திருப்பவருக்குக் குறைவு. சாதாரண எல்சிடியில் பின்விளக்கு எரிந்துகொண்டே இருப்பதால் குறிப்பிடத்தக்க மிச்சம் இல்லை.

5. அந்த ஏழு டிரான்சிஸ்டரும் என்னதான் செய்கின்றன? ஒவ்வொன்றாகச் சொல்லுங்கள்.

கைப்பேசித் திரைகளில் பரவலாக உள்ள 7டி1சி சுற்றை, பி (p) வகை டிரான்சிஸ்டர்களால் ஆனதாகக் கொள்வோம். அவற்றில் மின்னோட்டம் நுழையும் முனை சோர்ஸ், வெளியேறும் முனை டிரெயின், அதைக் கட்டுப்படுத்தும் முனை கேட்; கேட் சோர்ஸைவிடத் தாழ்ந்தால்தான் கடத்தும். முதலாவது, இயக்கு டிரான்சிஸ்டர். இரண்டாவது, நிரல் கம்பியிலிருந்து வரும் தகவலை இயக்கு டிரான்சிஸ்டரின் சோர்ஸ் முனைக்குக் கொண்டுவரும் சுவிட்ச். மூன்றாவது, இயக்கு டிரான்சிஸ்டரின் கேட்டையும் டிரெயினையும் இணைப்பது. நான்காவது, கேட்டைப் பழைய மின்னழுத்தத்திலிருந்து துடைத்து, ஒரு தாழ்ந்த தொடக்க மின்னழுத்தத்துக்குக் கொண்டுவருவது. ஐந்தாவதும் ஆறாவதும் ஒளிர்வதற்கான பாதையின் மேலும் கீழும் நிற்கும் கதவுகள். ஏழாவது, ஓஎல்இடியின் ஆனோடில் (மின்னோட்டம் நுழையும் முனை) எஞ்சிய மின்னூட்டத்தை வடித்துவிடுவது. இது இல்லாவிட்டால் கறுப்பு, சாம்பல் பூத்ததுபோல் தெரியும்.

வேலை மூன்று கட்டங்களாக நடக்கிறது. முதலில் நான்காவது டிரான்சிஸ்டர் திறந்து, கேட்டை −3 வோல்ட்டுக்கு இறக்குகிறது. அடுத்து இரண்டாவதும் மூன்றாவதும் திறக்கின்றன; தகவல் மின்னழுத்தம் சோர்ஸ் வழியே நுழைந்து, இயக்கு டிரான்சிஸ்டரையே கடந்து, கேட்டைத் தூக்கத் தொடங்குகிறது. கேட், தகவல் மின்னழுத்தத்துக்கு ஒரு த்ரெஷோல்ட் கீழே வந்ததும் டிரான்சிஸ்டர் தானாகவே அடைத்துக்கொள்ளும். தகவல் 3.6 வோல்ட் என்றால், த்ரெஷோல்ட் 1.0 வோல்ட் உள்ள பிக்சலில் கேட் 2.6 வோல்ட்டில் நிற்கும், 1.3 வோல்ட் உள்ள பிக்சலில் 2.3 வோல்ட்டில் நிற்கும். அவரவர் குறைக்கு ஏற்ற திருத்தத்தை அவரவரே எழுதிக்கொள்கிறார்கள் என்பதுதான் இந்தச் சுற்றின் அழகு.

மூன்றாம் கட்டத்தில் ஐந்தும் ஆறும் திறந்து, சோர்ஸ் 4.6 வோல்ட் மேல் கம்பியோடு இணைகிறது. முதல் பிக்சலில் 4.6இலிருந்து 2.6ஐயும் 1.0ஐயும் கழித்தால் மிச்சம் 1.0 வோல்ட், இரண்டாவதில் 4.6இலிருந்து 2.3ஐயும் 1.3ஐயும் கழித்தாலும் அதே 1.0 வோல்ட். 2ஆம் விடையில் பாதிக்கும் கீழே போன வெளிச்சம் இங்கே சமமாகிவிட்டது. நடைமுறையில், இரண்டாம் கட்டத்துக்குக் கிடைக்கும் நேரம் சில மைக்ரோ நொடிகளே என்பதால் கேட் முழுமையாக நிலைபெறுவதில்லை. சிறு பிழை எஞ்சும்.

6. இவ்வளவு திருத்தியும் திரையின் ஒரு பக்கம் பளிச்சென்றும் மறு பக்கம் மங்கலாகவும் இருப்பது ஏன்?

மேலே செய்த கழித்தலைக் கவனியுங்கள்: த்ரெஷோல்ட் கணக்கிலிருந்து விழுந்துவிட்டது, மேல் கம்பியின் 4.6 வோல்ட் விழவில்லை. 0.26 ஆம்பியர் மெல்லிய உலோகக் கம்பிகளின் வழியே போகும்போது, மின்சாரம் நுழையும் விளிம்பிலிருந்து தொலைவில் உள்ள பிக்சலுக்கு 4.5 வோல்ட் மட்டுமே எட்டினால், மிச்சம் 0.9 வோல்ட், வெளிச்சம் ஏறத்தாழ 19 சதவீதம் குறையும். இதற்காக மேல் கம்பியை இரு திசைகளிலும் வலையாக இழைக்கிறார்கள். எஞ்சியதை இயக்கி சிப்பில் கணக்கிட்டுத் தகவலிலேயே ஈடுகட்டுகிறார்கள்.

பெரிய ஓஎல்இடி தொலைக்காட்சிகள் வேறு வழியில் போகின்றன. பிக்சலில் மூன்று டிரான்சிஸ்டர்களை மட்டும் வைத்து, அவற்றில் ஒன்றின் வழியே இயக்கு டிரான்சிஸ்டரின் நிலையை வெளியிலிருந்து அளந்து, திருத்தத்தை நினைவகத்தில் வைத்துக்கொள்கின்றன. டிவியை அணைத்த பின்னும் பிளக்கைப் பிடுங்க வேண்டாம் என்று கையேடு சொல்வதற்கு இது ஒரு காரணம். காத்திருப்பு நிலையில்தான் அந்த அளவீடு நடக்கிறது.

7. அந்த 0.9 வாட் வீணாவதைக் குறைக்க வழியே இல்லையா?

உண்டு, ஆனால் ஒவ்வொன்றுக்கும் ஒரு விலை உண்டு. இயக்கு டிரான்சிஸ்டர் மின்னோட்டத்தை நிலையாகத் தர வேண்டுமானால், அதன் சோர்ஸுக்கும் டிரெயினுக்கும் இடையே குறைந்தபட்சம், கேட் த்ரெஷோல்டைத் தாண்டி நிற்கும் அளவு மின்னழுத்தமாவது இருக்க வேண்டும். டிரான்சிஸ்டரை அகலமாக்கினால் அதே மின்னோட்டத்துக்குக் கேட் குறைவாகத் தாண்டினால் போதும். மேல் கீழ்க் கம்பிகளுக்கு இடையிலான மின்னழுத்தத்தையும் குறைக்கலாம். ஆனால் தாண்டும் அளவு சிறுத்தால், 5ஆம் விடையில் எஞ்சிய சிறு பிழைகூடப் பெரிதாகத் தெரியும். கைப்பேசிப் பேனல்களில் பெரும்பாலும் டிரான்சிஸ்டரை நீளமாக்கி, சீரான வெளிச்சத்துக்காக மின்சாரத்தை விட்டுக்கொடுக்கிறார்கள்.

இரண்டாவது வழி, திரையின் வெளிச்சத்துக்கு ஏற்பக் கீழ்க் கம்பியின் மின்னழுத்தத்தை மாற்றுவது: உச்ச வெளிச்சத்துக்கு வேண்டிய இடைவெளி மங்கலான திரைக்குத் தேவையில்லை. மூன்றாவது வழி பொருளிலேயே இருக்கிறது. 2024இல் வந்த ஐபேட் ப்ரோவில் உள்ளதுபோல், இரு ஒளிர் அடுக்குகளை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்தால், அதே வெளிச்சத்துக்கு மின்னோட்டம் ஏறத்தாழ பாதியாகவும், ஓஎல்இடியின் மின்னழுத்தம் இருமடங்காகவும் ஆகும். ஒளிர்வதற்கான வாட் மாறாது. டிரான்சிஸ்டரில் விழும் 3.5 வோல்ட் அப்படியே இருக்க, மின்னோட்டம் மட்டும் பாதியானதால், 0.9 வாட் வீண் 0.45 ஆகக் குறையும். இந்த அடுக்கு முறையை ஆயுளுக்காகவே பாராட்டுகிறார்கள். சுற்று வடிவமைப்பவனுக்கு இந்தப் பக்கவிளைவே பெரிய பரிசு.

8. எல்டிபிஓ, எல்டிபிஓ என்கிறார்களே, அது என்ன? 1 ஹெர்ட்ஸுக்கு இறங்க அது ஏன் கட்டாயம்?

கைப்பேசி ஓஎல்இடி திரைகளில் வழக்கமாக உள்ளது எல்டிபிஎஸ் என்னும் தாழ்வெப்பப் பல்படிக சிலிக்கான். எலக்ட்ரான்களும் துளைகளும் அதில் விரைவாக நகரும். ஆகவே சிறிய டிரான்சிஸ்டரே போதிய மின்னோட்டம் தரும். குறை, அணைத்த பிறகும் கசிவது. இன்னொரு வகை, இண்டியம், காலியம், துத்தநாகம் கலந்த ஆக்சைடு டிரான்சிஸ்டர். ஹிடியோ ஹோசோனோ குழுவினர் 2004இல் இதைப் படிகமற்ற படலமாக வளையும் தகட்டின்மேல் செய்து காட்டினர். அதில் மின்துகள்களின் வேகம் எல்டிபிஎஸ்ஸைவிடப் பல மடங்கு குறைவு. ஆனால் அணைத்த நிலையில் கசிவு வழக்கமான கருவியால் அளக்கவே முடியாத அளவுக்குச் சிறியது. இவ்விரண்டையும் ஒரே பிக்சலில் சேர்ப்பதே எல்டிபிஓ.

எந்த இடத்தில் எதை வைப்பது என்பதுதான் வடிவமைப்பின் சாரம். 5ஆம் விடையில் கேட்டோடு நேரடியாகத் தொட்டுக்கொண்டிருப்பவை மூன்றாவதும் நான்காவதும். அவை அணைந்திருக்கும்போது 0.1 பிக்கோ ஆம்பியர் கசிந்தால், 100 ஃபெம்டோ ஃபாரட் மின்தேக்கியில் 120 ஹெர்ட்ஸின் (நொடிக்கு 120 புதுப்பிப்பு) ஒரு சட்டத்துக்குள் (ஃபிரேம்), அதாவது 8.3 மில்லி நொடியில், கேட் 8 மில்லிவோல்ட் நகரும், கண்ணுக்குத் தெரியாது. அதே கசிவோடு ஒரு நொடி காத்திருந்தால் நகர்வு 1 வோல்ட். எழுதிய படமே அழிந்துபோகும். ஒரு நொடியில் 10 மில்லிவோல்ட்டுக்கு மேல் நகரக்கூடாது என்றால் கசிவு 1 ஃபெம்டோ ஆம்பியருக்குள் அடங்க வேண்டும். ஆகவே, அந்த இரண்டை மட்டும் ஆக்சைடாக மாற்றி, இயக்கு டிரான்சிஸ்டரையும் ஒளிர்வுப் பாதையையும் எல்டிபிஎஸ்ஸாகவே விடுகிறார்கள்.

இதன் பலனை முதலில் பரவலாகக் காட்டியது கைக்கடிகாரம். 2019இல் வந்த ஆப்பிள் வாட்ச் சீரிஸ் 5, திரையை 1 ஹெர்ட்ஸுக்கு இறக்கி, மணியை எப்போதும் காட்டிக்கொண்டே இருந்தது. 3ஆம் விடையின் 84 மில்லிவாட் கணக்கில் 120க்குப் பதில் 1 என்று போட்டுப் பாருங்கள். 1 மில்லிவாட்டுக்கும் கீழே வரும்.

9. ஆக்சைடு அவ்வளவு நல்லது என்றால் எல்லா டிரான்சிஸ்டரையும் அதிலேயே செய்துவிடலாமே?

தொலைக்காட்சிகளில் அப்படித்தான் செய்கிறார்கள். அங்கே பிக்சல் பெரியது. டிரான்சிஸ்டரை அகலமாகச் செய்ய இடம் உண்டு. கைப்பேசியில், குறிப்பாகத் திரையின் ஓரத்தில் வரிசைகளை இயக்கும் சுற்றை ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவான அகலத்தில் அடக்க வேண்டியிருப்பதால், வேகமான எல்டிபிஎஸ் தேவைப்படுகிறது. ஆக்சைடில் என் (n) வகை மட்டுமே நடைமுறையில் நன்றாக அமைகிறது என்பதும், நீண்டநேர மின்னழுத்தத்தில் அதன் த்ரெஷோல்ட் நகரும் என்பதும் கூடுதல் தடைகள்.

இரண்டையும் கலப்பதும் எளிதன்று. எல்டிபிஎஸ்ஸின் குறைகளை அடைக்க ஹைட்ரஜன் வேண்டும். அதே ஹைட்ரஜன் ஆக்சைடுக்குள் புகுந்தால் அதை எப்போதும் கடத்தும் பொருளாக மாற்றிவிடும். ஆகவே இரண்டுக்கும் இடையே தடுப்புப் படலங்கள், கூடுதல் மாஸ்க் படிகள், என் (n) வகைக்கென எதிர்த்திசையில் துடிக்கும் தனி வரிசைக் கம்பிகள் எல்லாம் வேண்டும். எல்டிபிஓ பேனலின் விலை அதனால்தான் கூடுதல்.

10. கசிவுதான் பிரச்சினை என்றால் மின்தேக்கியைப் பெரிதாக்கினால் போதாதா?

மாணவர்கள் கேட்கும் கேள்விகளில் எனக்கு மிகவும் பிடித்தது இது. 8ஆம் விடையின் எண்களையே எடுத்துக்கொள்வோம். 0.1 பிக்கோ ஆம்பியர் கசிவோடு ஒரு நொடிக்கு 10 மில்லிவோல்ட்டுக்குள் நிற்க 10 பிக்கோ ஃபாரட் வேண்டும். 100 நானோமீட்டர் தடிமனுள்ள சிலிக்கான் டைஆக்சைடு, சதுர மைக்ரோமீட்டருக்கு 0.345 ஃபெம்டோ ஃபாரட் தரும். ஆகவே தேவைப்படும் பரப்பு 29,000 சதுர மைக்ரோமீட்டர். நம் பிக்சலின் மொத்தப் பரப்பே 4,032. ஒரே ஒரு துணைப்பிக்சலின் (பிக்சலுக்குள் ஒரு நிறத்துக்கான பகுதி) மின்தேக்கி மட்டும் முழுப் பிக்சலைப்போல் ஏழு மடங்கு இடம் கேட்கிறது.

இடம் கிடைத்தாலும் நிரப்ப நேரம் இல்லை. 120 ஹெர்ட்ஸில் 2400 வரிசைகளுக்கு, வரிசை ஒன்றுக்குக் கிடைப்பது 3.5 மைக்ரோ நொடி மட்டுமே. மின்தேக்கி நூறு மடங்கானால் திருத்தக் கட்டம் அந்த நேரத்துக்குள் முடியவே முடியாது.

11. எல்டிபிஓ போன்தான், ஆனாலும் இருட்டில் திரை லேசாகத் துடிப்பதுபோல் தெரிகிறதே?

கசிவு ஒழிந்தாலும் இயக்கு டிரான்சிஸ்டருக்குப் பழைய நினைவு உண்டு. சற்றுமுன் கறுப்பு எழுதப்பட்டிருந்ததா, வெள்ளையா என்பதைப் பொறுத்து அதன் த்ரெஷோல்ட் சிறிது விலகியிருந்து, பிறகு மெல்ல மெல்லத் திரும்பும். 120 ஹெர்ட்ஸில் அந்த மெதுவான திரும்பலைக் கண் பிடிப்பதில்லை. நீண்ட சட்டத்தில் வெளிச்சம் படிப்படியாக மாறி, புதுப்பிக்கும் கணத்தில் குதிப்பது தெரிந்துவிடும். சாம்பல் நிறப் பின்னணியில் இது நன்றாகத் தெரியும்.

இதற்கு எட்டாவதாக ஒரு டிரான்சிஸ்டரைச் சேர்த்து, தகவலை மீண்டும் எழுதாமலே, இயக்கு டிரான்சிஸ்டருக்கு ஓர் உயர் மின்னழுத்தத்தை அவ்வப்போது காட்டி அதை ஒரே நிலைக்குக் கொண்டுவருகிறார்கள். ஆனோடையும் அதே வேகத்தில் துடைக்கிறார்கள். கவனிக்க: 1 ஹெர்ட்ஸ் என்பது தகவல் எழுதப்படும் வேகம் மட்டுமே. ஒளிர்வுக் கதவுகளும் ஆனோடு துடைப்பும் பெரும்பாலும் பழைய வேகத்திலேயே இயங்கிக்கொண்டிருக்கும். அந்தச் செலவு மிச்சமாவதில்லை. விளம்பரப் பலகைகளில் இது எழுதப்படுவதில்லை.

12. வெளிச்சத்தைக் குறைத்தால் சிலருக்குத் தலைவலி வருகிறது. மின்னோட்டத்தைக் குறைத்தாலே மங்கிவிடுமே, ஏன் அணைத்து அணைத்து எரியவிட வேண்டும்?

மிகக் குறைந்த மின்னோட்டத்தில் இயக்கு டிரான்சிஸ்டர் த்ரெஷோல்டுக்குக் கீழே இயங்குகிறது. அங்கே இருமடி உறவு போய், அடுக்குக்குறி உறவு வந்துவிடும். 0.25 வோல்ட் மாறினால் மின்னோட்டம் பத்து மடங்கு மாறும் என்றால், 20 மில்லிவோல்ட் பிழையே 20 சதவீத வேறுபாடு தரும். திரை அழுக்குப் படிந்ததுபோல் திட்டுத்திட்டாகத் தெரியும். அதைத் தவிர்க்க, மின்னோட்டத்தை ஓர் அளவுக்குக் கீழே விடாமல், ஐந்தாவது ஆறாவது டிரான்சிஸ்டர்களைக் கொண்டு எரியும் நேரத்தைச் சுருக்குகிறார்கள்.

240 ஹெர்ட்ஸில் அப்படித் துடிப்பது சிலருக்கு ஒத்துக்கொள்வதில்லை என்பதால், 1920, 2160, 3840 ஹெர்ட்ஸ் என்று உயர்த்தியும் விற்கிறார்கள். கண்ணுக்கு அது நல்லது. ஒளிர்வுக் கம்பிகள் அத்தனை முறை ஏறி இறங்குவதால் மின்செலவு சற்றுக் கூடும். ஆனாலும் இங்கே கண்ணின் பக்கம் நிற்பதே சரி.

13. மைக்ரோ எல்இடி வந்துவிட்டால் இந்தத் தொல்லையெல்லாம் தீர்ந்துவிடுமா?

தொல்லை இடம் மாறும். மைக்ரோ எல்இடியின் (பிக்சலாக வைக்கும் நுண்ணிய எல்இடி) திறன் குறைந்த மின்னோட்டத்தில் மோசமாக இருக்கும்; மின்னோட்டம் மாறும்போது நீலமும் பச்சையும் நிறம் சற்று விலகும். ஆகவே, மின்னோட்டத்தைத் திறன் மிகுந்த ஒரே அளவில் நிறுத்திவிட்டு, சாம்பல் நிலைகளை எரியும் நேரத்தால் மட்டுமே தர வேண்டியிருக்கிறது. அந்த நேரத்தைப் பிக்சல்தோறும் தனித்தனியாக அளக்க ஒப்பீட்டுச் சுற்று ஒன்று பிக்சலுக்குள்ளேயே தேவை. டிரான்சிஸ்டர் எண்ணிக்கை கூடுமே தவிர, குறையாது.

14. சில கைக்கடிகாரங்கள் ஒரு சார்ஜில் வாரக்கணக்கில் ஓடுகின்றனவே, அவற்றின் பிக்சலில் என்ன மாயம்?

பிக்சலுக்குள்ளேயே ஒரு பிட் நினைவகம் வைத்த, வெளி வெளிச்சத்தைத் திருப்பிக் காட்டும் எல்சிடி அது. ஷார்ப் நிறுவனத்தின் மெமரி எல்சிடியும், அதைப் பயன்படுத்தி 2013இல் வெளிவந்த பெபிள் கடிகாரமும் இதற்கு நன்கு தெரிந்த எடுத்துக்காட்டுகள். படம் மாறாதவரை எதையும் மீண்டும் எழுத வேண்டியதில்லை, பின்விளக்கும் வேண்டியதில்லை. திரவப் படிகத்தில் ஒரே திசை மின்னழுத்தம் நிலைத்தால் அது கெட்டுவிடும் என்பதால், எல்லாப் பிக்சல்களுக்கும் பொதுவான முனையின் திசையை மட்டும் நொடிக்கு ஒருமுறை போன்ற மெதுவான வேகத்தில் மாற்றுகிறார்கள். ஒரு பிட் என்பதால் நிறங்கள் சில மட்டுமே. புகைப்படம் பார்க்க உதவாது.

15. சார், சிமுலேஷனில் எல்லாம் சரியாக வருகிறது. பேனலில் போட்டால் வேறு மாதிரி இருக்கும் என்கிறார்கள். எதை விட்டுவிட்டேன்?

பெரும்பாலும் மூன்றில் ஒன்று. முதலாவது, மாடல்: சிப்புக்கான மாஸ்ஃபெட் மாடலை வைத்துப் படல டிரான்சிஸ்டரை ஓட்டினால் கசிவும் த்ரெஷோல்டுக்குக் கீழான நடத்தையும் தவறாக வரும். எச்ஸ்பைஸ் என்னும் சிமுலேஷன் மென்பொருளின் மாடல்களில் 61ஆம் நிலை படிகமற்ற சிலிக்கானுக்கும் 62ஆம் நிலை பல்படிக சிலிக்கானுக்கும் உரியவை. ஆக்சைடுக்குப் பெரும்பாலும் வெரிலாக்-ஏ மொழியில் மாடல் எழுதிச் சேர்க்க வேண்டும். இரண்டாவது, அருகருகே உள்ள கம்பிகளுக்கு இடையே வேண்டாமலே உருவாகும் ஒட்டுண்ணி மின்தேக்கம்: வரிசைக் கம்பி அணையும் கணத்தில், அதற்கும் கேட்டுக்கும் இடையே 1 ஃபெம்டோ ஃபாரட் இருந்தாலே, 10 வோல்ட் இறக்கம் 100 ஃபெம்டோ ஃபாரட் மின்தேக்கியில் 0.1 வோல்ட் உதை கொடுக்கும். வரைபடத்தைப் போட்டு, அதிலிருந்து ஒட்டுண்ணிகளைப் பிரித்தெடுத்து மீண்டும் ஓட்டாத சிமுலேஷனை நான் கணக்கில் எடுப்பதில்லை.

மூன்றாவது, ஒரே ஒரு பிக்சலை ஓட்டிவிட்டு நிறுத்துவது. மேல் கம்பியின் கடைசி முனையில், த்ரெஷோல்டை இரு பக்கமும் நகர்த்தி, முந்தைய சட்டம் கறுப்பாகவும் வெள்ளையாகவும் இருந்தால் என்னவாகும் என்று பாருங்கள். கைப்பட அளந்து பழக விரும்புவோர், சென்னை ஐஐடியில் உள்ள அமோலெட் (பிக்சல்தோறும் டிரான்சிஸ்டர் கொண்ட ஓஎல்இடி) ஆராய்ச்சி மையம், கான்பூர் ஐஐடியில் உள்ள நெகிழ் மின்னணுவியலுக்கான தேசிய மையம் ஆகியவற்றை விசாரிக்கலாம்.

16. 1 ஹெர்ட்ஸ் திரை என்று கூடுதல் பணம் கொடுத்து வாங்கினேன். பழைய போனைவிடப் பேட்டரி பெரிதாக நிற்கவில்லையே?

உங்கள் பயன்பாட்டை 3ஆம் விடையின் மூன்று எண்களோடு வைத்துப் பாருங்கள். வெயிலில் வண்டியில் வைத்து வரைபடம் பார்ப்பவருக்கும், வெள்ளைப் பின்னணியில் செய்தி படிப்பவருக்கும் செலவு முழுவதும் ஒளிர்விலும் இயக்கு டிரான்சிஸ்டரிலும் இருக்கிறது. புதுப்பிப்பு வேகம் 120இலிருந்து 1 ஆனாலும், அவருக்கு மிச்சமாவது 2 வாட்டில் அதிகபட்சம் 84 மில்லிவாட். விரலால் உருட்டிக்கொண்டே இருந்தால் திரை 120இலேயே நிற்கும் என்பதால் அதுவும் கிடைக்காது.

மேசைமேல் கிடக்கும் போனில் மணி எப்போதும் தெரிய வேண்டும் என்று வைத்திருப்பவருக்கு நிலைமை நேர்மாறு. அவருக்கு எல்டிபிஓ இல்லாத திரை கட்டுப்படியாகாது. நீங்கள் முதல் வகை என்றால், அந்தப் பணத்தை அடுக்கு ஓஎல்இடி உள்ள திரைக்குக் கொடுத்திருந்தால் வித்தியாசம் தெரிந்திருக்கும். அல்லது இப்போதே வெளிச்சத்தைச் சற்று இறக்கிப் பாருங்கள், அதற்குக் காசில்லை.